கறுப்பு வெள்ளைப் படம் பிரிண்டரில் பச்சையடிப்பது ஏன்?

கிளிநொச்சியில் இருந்து கேட்டிருக்கிறீர்கள்: அப்பப்பாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை ஸ்கேன் செய்து வீட்டு இங்க்ஜெட்டில் எடுத்தால் முகம் பச்சையடிக்கிறது, என்ன செய்யலாம் என்று. இடம்பெயர்வுகளில் ஆல்பங்களே தொலைந்துபோன வன்னியில், மிஞ்சிய ஒரு படத்துக்கு இவ்வளவு மெனக்கெடுவது நியாயம்தான்.

நான்கு மை பிரிண்டர், சாம்பல் நிறத்தைப் பெரும்பாலும் சயன், மஜெந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்துதான் உண்டாக்குகிறது. கலவை இம்மி பிசகினாலும் ஏதோவொரு சாயல் ஏறிவிடும். அதே படம் குண்டு பல்பின் கீழ் ஒரு மாதிரியும் முற்றத்து வெயிலில் வேறு மாதிரியும் தெரியும். கறுப்பு மையை மட்டும் பாவிக்கும்படி மாற்றினால் சாயல் போய்விடும். ஆனால் நெற்றி, கன்னம் போன்ற வெளிறிய இடங்களில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் தெரியும்.

சரியான வழி, சாம்பல் மைகளும் உள்ள பிரிண்டர். எப்சன் பி700இல் கறுப்போடு சாம்பல், வெளிர் சாம்பல் இரண்டும் உண்டு. அதன் கறுப்பு வெள்ளை முறையில் வண்ண மை மிகக் குறைவாகவே சேரும். ஒரு படத்துக்காக அதை வாங்க வேண்டாம், அப்படியொன்று வைத்திருக்கும் ஸ்டூடியோவில் கொடுங்கள்.

வீட்டில்தான் எடுப்பதென்றால், போட்ட கடதாசியின் வகையைக் கணினியில் உள்ள பிரிண்டர் அமைப்பில் (டிரைவரில்) சரியாகத் தெரிவு செய்யுங்கள். ஒரு நாள் காயவிட்டு, படம் தொங்கப்போகும் சுவரருகே வைத்து நிறத்தைப் பாருங்கள்.