படத்தை எப்போது ஓவியரிடம் கொடுப்பது?

மதிப்பிற்குரிய ஐயா,

என் பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்கு சிங்களச் சிறுவர் கதைகளை எழுதிப் படமும் வரைந்த சிபில் வெத்தசிங்கவின் ‘குட ஹொரா’ (குடைத் திருடன்) கதையைத் தமிழில் சொல்லிப் படங்களைக் காட்டினேன். பக்கத்தைப் புரட்டவே விடவில்லை. நானும் களப்புக் கரையில் நடக்கும் கதையொன்றை எழுதி வைத்திருக்கிறேன். சித்திரம் முறையாகப் படிக்காத நான், படங்களை ஓர் ஓவியரிடம் ஒப்படைப்பதுதானே சரி?

ஓர் ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஒப்படைக்கலாம், ஆனால் இப்போதே வேண்டாம்.

வெத்தசிங்க காலிக்கு அருகிலுள்ள கிந்தோட்டையில் பிறந்து, சிறுவயதிலேயே கொழும்புக்கு வந்து, பத்திரிகைகளில் வரைந்து வளர்ந்தவர். ‘குட ஹொரா’ 1956இல் நூலானது. குடையையே கண்டறியாத ஊரிலிருந்து நகரத்துக்குப் போகும் கிரி மாமா ஒவ்வொரு முறையும் குடை வாங்கி வருவதும், கடையில் கோப்பி குடித்து எழுவதற்குள் அது களவு போவதும், கடைசியில் குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டுவைத்து, அவை சிந்திய வழியே அவர் திருடனைத் தேடிப் போவதுமே கதை.

அவ்வூரார் மழைக்கு வாழையிலை, சாக்கு என்று அகப்பட்டதைத் தலைக்கு மேல் பிடிக்கிறார்கள். எழுத்தில் இது ஓரிரு வரிதான். மட்டக்களப்புக் களப்பின் மேற்குக் கரையான படுவான்கரையில் மாரி மழைக்குள் வயலுக்குப் போகிறவர், சாக்கின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் செருகி, தலையிலிருந்து முதுகுவரை தொங்கவிட்டு, முகத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நடப்பதைக் கண்டவருக்கு அந்த வரி போதும். காணாத பிள்ளைக்குப் படம் வேண்டும். நான் இப்போது விவரித்ததுபோல எழுதினால் பிள்ளை எழுந்து போய்விடும். வரையப்போவதும் தானே என்பதால்தான் வெத்தசிங்கவால் அவ்வளவு குறைவாக எழுத முடிந்தது என்று நினைக்கிறேன்.

ஆகவே நான்கு ஏ4 தாள்களை நடுவில் மடித்துத் தையுங்கள். 16 பக்கம் வரும். கோட்டு மனிதர்களாகவாவது முழுக் கதையையும் நீங்களே வரைந்து, படம் சொல்லிவிட்ட வரிகளையெல்லாம் வெட்டுங்கள். கடைசிப் பக்கத்தை வெறுமையாக விட்டு வகுப்பில் காட்டுங்கள். தொண்ணூறு வயதைக் கடந்த வெத்தசிங்க ‘வொண்டர் கிறிஸ்டல்’ நூலின் முடிவைப் பிள்ளைகளிடமே விட்டார். அவர்கள் எழுதிய 1,250 முடிவுகளோடு அது 2020இல் கின்னஸ் சாதனையானது.

அதன்பின் அந்த மாதிரியை ஓவியரிடம் கொடுங்கள். எழுத்துப் பிரதியை மட்டும் கொடுத்தால், எழுதியதையே அவர் மறுபடியும் வரைவார். நம் களப்பு இருக்க வேண்டிய இடத்தில் இணையத்தில் அகப்பட்ட ஏதோவோர் ஏரி வந்து நிற்கும்.