1.1° திருப்பி அடுக்கியும் கிராபீனில் மீகடத்தல் ஏன் வரவில்லை?

ஓரணு தடிமன் கரித்தாளான கிராபீனில் இரண்டை சுமார் 1.1° திருப்பி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாயும்; அதுதான் மீகடத்தல். கேள்வியில் நீங்கள் சொல்லும் 1.1° அடுக்கும்போது திருப்பிய மேடை (ஸ்டேஜ்) காட்டிய எண்ணாகத்தான் இருக்கும். அடுக்குக்குள் உட்கார்ந்திருக்கும் கோணம் வேறு. அதை அளவீட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இரண்டு தாள்களும் கோணத்தில் படியும்போது திரும்பத் திரும்ப வரும் பெரிய வடிவம்தான் முவாரே கட்டம்; 1.1° என்றால் அதன் நீளம் சுமார் 13 நானோமீட்டர். கட்டத்துக்கு 4 எலக்ட்ரான் சேர்ந்தால் தட்டைப் பட்டை (எலக்ட்ரான்களின் ஆற்றல் அநேகமாக மாறாத, குறுகிய ஆற்றல் பட்டை) நிரம்பும். அந்த அடர்த்தி சதுர செ.மீ.க்கு 2.8×10¹². 1.0° என்றால் 2.3, 1.2° என்றால் 3.4. கேட் (எலக்ட்ரான் அடர்த்தியை மாற்றும் மின்முனை) மின்னழுத்தத்தை ஏற்றும்போது, கூடுதல் எலக்ட்ரான் இல்லாத நடுப்புள்ளிக்கு இருபுறமும் எழும் பெரிய மின்தடை உச்சி இங்கேதான் விழும். கேட்டுக்கும் கிராபீனுக்கும் நடுவே மின்காப்பாக 30 நானோமீட்டர் போரான் நைட்ரைடு போட்டிருந்தால் ஏறக்குறைய 5 வோல்ட்டில் பாருங்கள். தடிமனை நம்பாமல், காந்தப்புலத்தில் அடர்த்தியைக் காட்டும் ஹால் அளவீட்டில் சரிபார்ப்பது நல்லது. ஒவ்வொரு தொடுமுனை (மின்சாரம் இணைக்கும் முனை) ஜோடிக்கும் கோணத்தைத் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள்: ஒரே சாதனத்தில் சில மைக்ரான் தள்ளினாலே 0.1° வரை மாறலாம். உச்சி அகன்று தெரிவது பெரும்பாலும் இதனால்தான்.

0.1° என்ன பெரிய விஷயம் என்று சிலர் கேட்பார்கள். தட்டைப் பட்டையின் அகலமே 10 மில்லி எலக்ட்ரான்வோல்ட் அளவுதான். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும் ஆற்றலும் அதே அளவில் இருப்பதால்தான் பாதி நிரம்பியதும் அவை ஒழுங்குபட்டு மின்காப்பாக நிற்கின்றன. கோணம் விலகினால் பட்டை அகலும், ஒழுங்கு கலையும், மீகடத்தலும் போகும்.

கோணம் கெடுவது சூட்டில். இரண்டு தாளும் திருப்பாத இயல்பான நிலைக்கே திரும்பப் பார்க்கும், கோணம் குறையும். அதனால் 1.15 முதல் 1.2° வரை வைத்துத் தொடங்குங்கள். ஒரே கிராபீன் துண்டை இரண்டாக்கி, ஒரு பாதியைத் திருப்பி மற்றதோடு அடுக்குவதுதான் வழக்கம்; அதைக் கிழிப்பதைவிட முன்கூட்டியே வெட்டிவைத்தால் இழுவிசை குறையும். இரண்டாம் பாதியை எடுத்தபின் சூடு ஏற்றாதீர்கள். அடுக்கைத் தூக்கி வைத்திருக்கும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் படலத்தை உருக்கி இறக்கும் கடைசி 180 டிகிரி மட்டும் தவிர்க்க முடியாதது. குமிழியை விரட்டுகிறேன் என்று அடுக்கைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் கோணமும் கூடவே போய்விடும். போரான் நைட்ரைடின் விளிம்பு கிராபீன் விளிம்போடு இணையாக அமைந்தாலும் சிக்கல்: எலக்ட்ரான் ஆற்றலில் இடைவெளி திறந்து வேறு இயற்பியல் புகுந்துவிடும்.

இதிலெல்லாம் எரிச்சல் ஒன்றுதான். கட்டுரைகளில் வேலை செய்த சாதனத்தின் படம் பளிச்சென்று இருக்கும். எத்தனை அடுக்கு குப்பைக்குப் போயின என்பது அநேகமாக இருக்காது. எல்லாரும் மறைக்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் புதிதாக வருபவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்.

வெப்பநிலையையும் பாருங்கள். 2018இல் வந்த முதல் அறிவிப்பிலேயே மீகடத்தல் தொடங்கிய வெப்பநிலை 1.05° சாதனத்துக்கு 1.7 கெல்வின், 1.16° சாதனத்துக்கு வெறும் 0.5 கெல்வின். 1.5 கெல்வினோடு நிற்கும் குளிர்கலத்தில் இரண்டாவது சாதனம் மீகடத்தலைக் காட்டியிருக்காது.