எதிர் வெளிச்சத்தில் கண் கூசினால் பொன்னாங்கண்ணி போதுமா?

கேள்வி: வயது 54. மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் வழியாகக் கும்பகோணம் மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் மினி லாரி ஓட்டுகிறேன். ஒரு வருடமாக எதிர்வண்டி வெளிச்சம் பட்டால் சில நொடிகள் ஒன்றும் தெரிவதில்லை. தினமும் கேரட்டும் பொன்னாங்கண்ணியும் சாப்பிடுகிறேன். இயற்கையாகவே சரியாகுமா? இரவுக்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடி போடலாமா?

பதில்: கீரையை விடாதீர்கள், நல்லதுதான். ஆனால் உங்கள் சிக்கலுக்குக் கீரை மருந்தாகாது. வைட்டமின் ஏ குறைந்தால் மங்கிய வெளிச்சத்தில் பார்வை குறையும். அதைத்தான் மாலைக்கண் என்கிறோம். கீரை, பப்பாளி, முட்டை, மீன் சாப்பிடுகிறவருக்கு அந்தக் குறை வருவது அபூர்வம். உடம்பில் போதுமான அளவு இருக்கும்போது மேலும் தின்றால் பார்வை கூர்மையாகாது. வைட்டமின் ஏ மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடவே வேண்டாம், அளவு மீறினால் கல்லீரல் கெடும்.

உங்களுக்கு இருட்டைவிட வெளிச்சம்தான் தொல்லை தருகிறது. இந்த வயதில் நான் முதலில் சந்தேகப்படுவது கண்புரையை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்குவதுதான் கண்புரை. அது லேசாக மங்கினாலே, அழுக்கு விண்ட்ஷீல்டில் படுவதுபோல எதிர் வெளிச்சம் கண்ணுக்குள் சிதறிப் பரவும். பகலில் நன்றாகத் தெரிவதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. கண்ணாடி பவர் மாறியிருக்கலாம். சர்க்கரை நோய் விழித்திரையைப் பாதித்திருக்கலாம். அதனால் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். அரசு மருத்துவமனையிலேயே சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் உள்ளே பார்ப்பார்கள். அன்று வண்டியை நீங்கள் ஓட்டிக்கொண்டு திரும்பாதீர்கள், பல மணி நேரம் மங்கலாகவே இருக்கும். கண்புரைதான் என்றால் அறுவைச் சிகிச்சையில் சரியாகிவிடும்.

மஞ்சள் கண்ணாடி வேண்டாம். ஏற்கெனவே குறைவான வெளிச்சத்தை அது இன்னும் வடிகட்டும். நிழலில் நடந்து வருகிற ஆள் தெரியாமல் போவார்.

பரிசோதனை முடியும்வரை இரவு ஓட்டத்தை வேறு யாரிடமாவது கொடுங்கள். முடியவே முடியாது என்றால் வேகத்தைக் குறையுங்கள். விண்ட்ஷீல்டை உள்பக்கமும் துடையுங்கள். அறுவடைக் காலத்தில் வயல் பூச்சி வந்து அப்புவது உங்களுக்கே தெரியும். எதிர் விளக்கை நேராகப் பார்க்காமல் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். நம் பக்கத்தில் சாலையிலேயே நெல் காய்கிறது, பின்விளக்கு இல்லாத டிராக்டர் நிற்கிறது. அந்தச் சில நொடிகளில் எதுவும் நடக்கலாம்.

அப்புறம் ஒன்று. சின்ன வயதிலிருந்தே இருட்டில் தடுமாற்றம் இருந்ததா? பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்களா? ஆம் என்றால் அதைக் கண் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பரம்பரையாக வரும் விழித்திரை நோய் ஒன்று உண்டு, அதற்குப் பரிசோதனையே வேறு.