வீட்ல இருந்து வேலை, கிளவுட் டூல்ஸ்: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

கேள்வியெல்லாம் படிச்சிட்டேன். முக்கால்வாசி "எந்த ஆப் நல்லது"ன்னுதான் இருக்கு. ஆப் பேரும் சொல்றேன், ஆனா எந்த விஷயம் எங்க இருக்கும்னு டீம்ல முடிவு பண்ணாம எந்த ஆப் போட்டாலும் ஒரு மாசத்துல மறுபடி அதே குழப்பம்தான். ஒரே மாதிரி கேட்டதையெல்லாம் சேர்த்து ஒன்னா பதில் போடறேன்.

கேள்வி: அக்கா, நாங்க சின்ன டீம், எல்லாருமே வீட்ல இருந்துதான். பேச்சு, ஃபைல், வேலை எல்லாமே வாட்ஸ்அப் குரூப்லயே ஓடுது. ஸ்லாக், ட்ரெல்லோ, நோஷன்னு ஆளாளுக்கு ஒன்னு சொல்றாங்க, எதுல ஆரம்பிக்கறது?

பதில்: மூணு இடம் போதும் தம்பி. பேசறதுக்கு ஒன்னு, ஃபைலுக்கு ஒன்னு, யார் என்ன எப்போ முடிக்கணும்ங்கிற லிஸ்ட்டுக்கு ஒன்னு. பேசறதுக்கு வாட்ஸ்அப்பே இருக்கட்டும், தப்பில்ல. ஆனா ஃபைல அதுல போடாதீங்க, லிங்க் மட்டும் போடுங்க. ஃபைலா அனுப்பினா ஒவ்வொருத்தர் ஃபோன்லயும் ஒரு காப்பி உக்காந்துடும், ஒருத்தர் திருத்தி "ஃபைனல்"னு அனுப்புவாரு, இன்னொருத்தர் பழசுலயே திருத்தி "ஃபைனல் புதுசு"ன்னு அனுப்புவாரு, அப்புறம் எது உண்மையான ஃபைனல்னு தேடறதுக்கே ஒரு மீட்டிங் போடணும். கூகுள் டிரைவ்லயோ மைக்ரோசாஃப்ட் ஒன்டிரைவ்லயோ ஒரே ஃபைல், எல்லாரும் அதையே தொறந்து எழுதுங்க.

வேலை லிஸ்ட்டுக்கு ட்ரெல்லோ ஈஸி. கார்டை "செய்யணும்", "நடக்குது", "முடிஞ்சது"ன்னு தள்ளிட்டே போகலாம், யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். நோஷன் குறிப்பு, டாக்குமென்ட், லிஸ்ட் எல்லாத்தையும் ஒரே இடத்துல வெக்கற ஆப், நல்ல டூல்தான், ஆனா அதுல வேலை செய்யறத விட அதை அழகுபடுத்தறதுலயே நேரம் போயிடும், நானே நெறைய பேர பாத்திருக்கேன். ஸ்லாக் டீம் சாட்டுக்கான ஆப், அதை எடுக்கறதா இருந்தா ஒன்னு தெரிஞ்சுக்கோங்க, ஃப்ரீ பிளான்ல கடைசி 90 நாள் மெசேஜ்தான் தெரியும், ஒரு வருஷத்துக்கு மேல போனதை அழிச்சே விட்டுடறாங்க. அதனால முக்கியமான முடிவு எதுவும் சாட்ல மட்டும் கிடக்கக் கூடாது, ஒரு டாக்குமென்ட்ல தேதி போட்டு எழுதி வெச்சிடுங்க.

கேள்வி: கூகுள் டிரைவ் ஃபுல்லுன்னு காட்டுது, மெயிலே வர மாட்டேங்குது. டிரைவ்ல அவ்ளோ ஒன்னும் இல்லையே?

பதில்: அந்த 15 ஜிபி டிரைவுக்கு மட்டும் இல்ல, ஜிமெயில், ஃபோட்டோஸ் எல்லாத்துக்கும் சேர்த்து. ஃபோன்ல எடுத்த வீடியோ பேக்கப் ஆகிட்டே இருந்திருக்கும். நிறைஞ்சிடுச்சுன்னா உங்களுக்கு வர்ற மெயில் அனுப்பினவங்களுக்கே திரும்பிப் போயிடும், கிளையன்ட் மெயில் அப்படி போனா எவ்ளோ சங்கடம். ஸ்டோரேஜ் பக்கத்துக்குப் போனா பெரிய ஃபைலை வரிசையா காட்டும், அங்க அழிச்சிட்டு ட்ராஷையும் காலி பண்ணுங்க, ட்ராஷ்ல இருக்கறதும் கணக்குல வரும். மத்தவங்க உங்களோட ஷேர் பண்ணது உங்க கணக்குல வராது, அது ஓனர் தலையில. ஒன்டிரைவ் ஃப்ரீயா 5 ஜிபி, டிராப்பாக்ஸ் 2 ஜிபிதான். இடத்துக்காக அஞ்சாறு அக்கவுன்ட் ஓபன் பண்றவங்க இருக்காங்க, வேண்டாம், எதுல எது இருக்குன்னு அப்புறம் உங்களுக்கே தெரியாது.

கேள்வி: மேடம், லேப்டாப்ல இடம் இல்லைன்னு ஒரு ஃபோல்டர அழிச்சேன், ஒன்டிரைவ்லயும் காணோம்! கிளவுட்ல இருந்தா பத்திரம்னு தானே சொன்னாங்க?

பதில்: மொதல்ல பதறாதீங்க, பிரவுசர்ல ஒன்டிரைவ் தொறந்து ரீசைக்கிள் பின் பாருங்க, பர்சனல் அக்கவுன்ட்னா 30 நாள் வரைக்கும் இருக்கும். கூகுள் டிரைவ் ட்ராஷும் 30 நாள்தான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். சிங்க் வேற, பேக்கப் வேற. சிங்க்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெச்சிருக்கறது, இங்க அழிச்சா அங்கயும் அழியும், இங்க ஃபைல் கெட்டுப்போனா கெட்டுப்போனதையே ஒழுங்கா மேல ஏத்தும். கண்ணாடி முன்னாடி நின்னு முகத்துல மை பூசிக்கிட்டா கண்ணாடியில மட்டும் சுத்தமா தெரியுமா? ஃபைலையெல்லாம் பூட்டி வெச்சு பணம் கேக்கற ரான்சம்வேர் வந்தாலும் இதே கதைதான், பூட்டின ஃபைலே கிளவுட்டுக்கும் போகும். அப்போ ஃபைலோட பழைய நிலைகள சேத்து வெக்கற வெர்ஷன் ஹிஸ்டரிதான் காப்பாத்தும், அதுக்கும் கெடு உண்டு. டிரைவ்ல ஏத்தின பிடிஎஃப், வேர்டு மாதிரி ஃபைலுக்கு பழைய வெர்ஷன் 30 நாளோ 100 வெர்ஷனோ தாண்டினா போயிடலாம், வேணும்னா "கீப் ஃபாரெவர்" டிக் பண்ணி வெக்கணும்.

லேப்டாப்ல இடம்தான் பிரச்சினைன்னா அழிக்கவே வேண்டாம். ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" குடுங்க, ஃபைல் கிளவுட்ல மட்டும் இருக்கும், இங்க மேகப் படம் போட்ட ஐகான் நிக்கும். பச்சை டிக் இருந்தா லேப்டாப்லயும் இருக்குன்னு அர்த்தம். மேகம் போட்டிருக்கேன்னு நெனச்சு அந்த ஐகானை டெலிட் பண்ணா எல்லா இடத்துலயும் காலி.

இன்னொன்னு, இது நெறைய பேருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர்ல டிரைவ் ஃபோல்டருக்குள்ள தெரியற கூகுள் டாக், கூகுள் ஷீட் எல்லாம் உண்மையான ஃபைல் இல்ல, வெறும் லிங்க். அதை பென்டிரைவ்ல காப்பி பண்ணி பத்திரமா வெச்சிருக்கேன்னு நெனச்சுட்டு இருப்பீங்க, உள்ள ஒரு வரி கூட இருக்காது. வேர்டாவோ எக்செல்லாவோ டவுன்லோட் பண்ணணும், மொத்தமா வேணும்னா கூகுள் டேக்அவுட்ல எடுக்கலாம். பழைய 3-2-1 கணக்கு இன்னைக்கும் சரிதான்: மூணு காப்பி, ரெண்டு வேற வேற மீடியா, அதுல ஒன்னு வேற இடத்துல. கிளவுட்ட ஒரு காப்பின்னு வெச்சுக்கோங்க, ஒரு வெளி ஹார்டுடிஸ்க்ல அப்பப்ப எடுத்துட்டு கழட்டி வெச்சிடுங்க, சொருகியே வெச்சிருந்தா பிரயோஜனம் இல்ல.

கேள்வி: ஜூம் 40 நிமிஷத்துல கட் ஆகுது, ஃப்ரீயா வேற என்ன இருக்கு?

பதில்: கூகுள் மீட்ல மூணு பேரோ அதுக்கு மேலயோ இருந்தா 60 நிமிஷம், ரெண்டே பேருன்னா 24 மணி நேரம் வரைக்கும் போகும். டீம்ஸ் ஃப்ரீயும் 60 நிமிஷம். ஜிட்சி ஓப்பன் சோர்ஸ், அதாவது அதோட கோட யார் வேணும்னாலும் பாக்கலாம், அவங்க பொது சர்வர்ல மீட்டிங் ஆரம்பிக்கற ஆள் மட்டும் லாகின் பண்ணா போதும். 40 நிமிஷம் தினமும் பத்தலைன்னா ஆப்ப மாத்தறதுக்கு முன்னாடி அஜெண்டாவ பாருங்கப்பா.

கேள்வி: எங்க நெட் 100 எம்பிபிஎஸ். ஆனாலும் கால்ல நான் பேசறது மட்டும் விட்டு விட்டு கேக்குதாம், அவங்க பேசறது எனக்கு நல்லாவே கேக்குது. ஏன்?

பதில்: கேள்வியிலயே பதில் இருக்கு சகோ. உங்களுக்கு நல்லா கேக்குதுன்னா டவுன்லோட் ஓகே, அப்லோடுதான் அடிவாங்குது. ஸ்பீடு டெஸ்ட்ல அப்லோட் நம்பரைப் பாருங்க. அதுவும் நல்லா இருந்தா சந்தேகப்பட வேண்டியது பின்னாடி ஓடற சிங்க்தான். கால் ஓடும்போதே டிரைவோ டிராப்பாக்ஸோ ஒரு பெரிய வீடியோவ மேல ஏத்திட்டு இருக்கும், இருக்கற அப்லோட மொத்தமா குடிச்சிடும். மீட்டிங்க்கு முன்னாடி பாஸ் பண்ணுங்க, இல்லைன்னா செட்டிங்ஸ்ல அப்லோட் ஸ்பீடுக்கு லிமிட் போட்டு விட்டுடுங்க, டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் மூணுலயும் அந்த ஆப்ஷன் இருக்கு.

குரலுக்கு மட்டும்னா 100 கேபிபிஎஸ் கூட தேவைப்படாது, வீடியோதான் பத்து மடங்குக்கு மேல கேக்கும், அதனால திணறினா உடனே கேமராவ ஆஃப் பண்ணுங்க. வைஃபைல 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டுக்கு மாறிப் பாருங்க, ஆனா அது ரெண்டு சுவர் தாண்டினா வலு குறையும். லேன் கேபிள் போட முடிஞ்சா அதுக்கு மேல ஒன்னும் இல்ல.

கேள்வி: ஷேர்டு ஷீட்ல நான் ஃபில்டர் போட்டா எல்லாருக்கும் மறைஞ்சு போகுது, டேட்டாவ அழிச்சிட்டேன்னு திட்டு வாங்கறேன்.

பதில்: சாதா ஃபில்டர் போடாதீங்க, டேட்டா மெனுல "ஃபில்டர் வியூ"ன்னு இருக்கு, அது உங்க ஸ்க்ரீனுக்கு மட்டும். எக்செல்லயும் "ஷீட் வியூ"ன்னு இதே சமாச்சாரம் உண்டு, ஃபைல் ஒன்டிரைவ்லயோ ஷேர்பாயின்ட்லயோ இருக்கணும். ஃபார்முலா இருக்கற நெடுவரிசைய ப்ரொடெக்ட் பண்ணியும் வெச்சிடுங்க, யாராவது கை தவறி எதையாவது டைப் பண்ணிடுவாங்க.

கேள்வி: வணக்கம்மா. ரிட்டயர் ஆன பிறகு வீட்டிலிருந்து கணக்கு வேலை பார்க்கிறேன். டீம் பாஸ்வேர்டு எல்லாம் ஒரு ஷீட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை.

பதில்: வணக்கம் ஐயா, உங்களுக்குப் பட்டதுதான் சரி. அந்த ஷீட்டோட லிங்க் ஒரு தடவை வெளிய போனா மொத்த சாவிக்கொத்தும் போச்சு. பிட்வார்டன்னு ஒரு பாஸ்வேர்டு மேனேஜர், ஓப்பன் சோர்ஸ், ஃப்ரீ பிளான்லயே எத்தனை பாஸ்வேர்டு, எத்தனை டிவைஸ் வேணும்னாலும் வெச்சுக்கலாம். நீங்க ஞாபகம் வெச்சுக்க வேண்டியது ஒரே ஒரு நீளமான பாஸ்வேர்டு. அதை மறந்தா அவங்களால கூட எடுத்துத் தர முடியாது, அதனால பேப்பர்ல எழுதி பீரோல வையுங்க, இதுக்கு பேப்பர்தான் பெஸ்ட்.

கூடவே டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன், அதாவது பாஸ்வேர்டு போக இன்னொரு கோடும் கேக்கறது, ஆன் பண்ணிடுங்க. எஸ்எம்எஸ்ல வர்ற கோட விட அத்தன்டிகேட்டர் ஆப் நல்லது, 30 செகண்டுக்கு ஒரு தடவை கோட் மாறும், நெட் இல்லாமயும் ஓடும். ஆன் பண்ணும்போது குடுக்கற ரெக்கவரி கோட பிரின்ட் எடுத்துடுங்க, ஃபோன் தொலைஞ்சா அதுதான் கை குடுக்கும். முடிஞ்ச வரைக்கும் ஒரே லாகின பத்து பேர் பகிராம, அவங்கவங்க பேர்ல தனி யூசரா இன்வைட் பண்ணச் சொல்லுங்க. யாராவது ஃபோன் பண்ணி ஏதாவது கம்பெனி பேரச் சொல்லி எனிடெஸ்க், டீம்வியூவர் (வேற இடத்துல இருந்தே உங்க கம்ப்யூட்டர இயக்க விடற ஆப்) போடுங்கன்னு சொன்னா உடனே கட் பண்ணிடுங்க ஐயா. அந்த ஆப் நல்ல ஆப்தான், கேக்கற ஆள்தான் திருடன்.

கேள்வி: வேலைய விட்டுப்போனவர் பர்சனல் ஜிமெயில்ல எங்க டாக்குமென்ட்ஸ் பூரா இருக்கு. ஓனர்ஷிப் எங்க கம்பெனி அக்கவுன்ட்டுக்கு மாத்த முடியல அக்கா.

பதில்: மாத்த விடாது. பர்சனல்ல இருந்து பர்சனலுக்கு மாத்தலாம், அதுவும் வாங்கறவர் ஒத்துக்கணும். கம்பெனி அக்கவுன்ட்னா அதே கம்பெனிக்குள்ளதான். நல்ல உறவுல இருக்கும்போதே எடிட் அக்ஸஸ் வெச்சு "மேக் எ காப்பி" போட்டு உங்க பக்கம் எடுத்துடுங்க, ஆனா கமென்ட் வேணும்னா காப்பி பண்ணும்போதே அதுக்கான டிக் போடணும், பழைய வெர்ஷன் ஹிஸ்டரி வராது. அவர் அக்கவுன்ட்ட மூடினாலும், ரெண்டு வருஷம் தொடாம விட்டு கூகுளே அழிச்சாலும் அந்த ஃபைல் உங்களுக்கும் போயிடும். அப்படியே "லிங்க் உள்ள எவரும்"னு தொறந்து கிடக்கறதையெல்லாம் பாத்து மூடிடுங்க, அவர இமெயில் லிஸ்ட்ல இருந்து எடுத்தா மட்டும் பத்தாது, அந்த லிங்க் அவர்கிட்ட இன்னும் இருக்கும்.

கேள்வி: அமெரிக்கா கிளையன்ட், ஐரோப்பா கிளையன்ட் ரெண்டும் இருக்கு. மார்ச் மாசம் வந்தா மீட்டிங் டைம் எல்லாம் தாறுமாறா போகுது.

பதில்: அங்கெல்லாம் வெயில் காலத்துக்கு கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெப்பாங்க, ஆனா அவங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல மாத்தறதில்ல. அமெரிக்காவுல மார்ச் ரெண்டாவது ஞாயிறு, ஐரோப்பாவுல மார்ச் கடைசி ஞாயிறு. திரும்பி வரும்போது ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு. நடுவுல இருக்கற அந்த வாரங்கள்லதான் எல்லாரும் முட்டிக்கறது. சாட்ல "சாயங்காலம் ஆறு மணிக்கு"ன்னு எழுதவே எழுதாதீங்க, காலண்டர் இன்வைட் அனுப்புங்க, அது அவங்கவங்க டைம்ல காட்டிடும். திரும்பத் திரும்ப வர்ற மீட்டிங்னா அதுக்கு எந்த டைம் சோன் செட் பண்ணியிருக்கோ அதைத்தான் பின்பற்றும், அதனால யார் நேரம் நகரவே கூடாதோ அவங்க டைம் சோன்ல போடுங்க. கூகுள் காலண்டர் செட்டிங்ஸ்ல ரெண்டாவது டைம் சோனையும் பக்கத்துலயே காட்ட வெக்கலாம்.

கேள்வி: தமிழ்ல நெறைய டைப் பண்ணணும், கை வலிக்குது.

பதில்: கம்ப்யூட்டர் குரோம்ல கூகுள் டாக்ஸ் தொறந்து டூல்ஸ் மெனுல வாய்ஸ் டைப்பிங், மொழி தமிழ்னு வையுங்க. நிறுத்தி பேசினா நல்லாவே எழுதும், புள்ளி கமா எல்லாம் நீங்கதான் போட்டுக்கணும். பிரின்ட்ல இருக்கறத ஃபோட்டோ எடுத்து டிரைவ்ல ஏத்தி "ஓப்பன் வித் கூகுள் டாக்ஸ்" குடுத்தா எழுத்தா மாத்தித் தரும், ஒரு தடவை படிச்சுப் பாத்து திருத்திக்கோங்க.

கேள்வி: எல்லாத்தையும் பெரிய கம்பெனிங்ககிட்ட குடுக்கறது பயமா இருக்கு. நெக்ஸ்ட்கிளவுட் போடலாமா?

பதில்: போடலாம், 2016ல இருந்து இருக்கு, ஃபைல், காலண்டர், வீடியோ கால் எல்லாம் உங்க சர்வர்லயே. ஆனா அப்டேட், பேக்கப், செக்யூரிட்டி அத்தனையும் உங்க பொறுப்பு, அதுக்கு ஆள் இருக்கான்னு பாருங்க. ஆள் இல்லைன்னா டிரைவையே வெச்சுக்கிட்டு ரகசியமான ஃபோல்டருக்கு மட்டும் கிரிப்டோமேட்டர் போடுங்க. ஃபைல பூட்டிட்டுதான் மேல ஏத்தும். பூட்டின ஃபைல பிரவுசர்ல தொறந்து நாலு பேர் சேர்ந்து எடிட் பண்ண முடியாது, ரெண்டும் சேர்ந்து கிடைக்காது.

கேள்வி: நெட் போயிட்டா கூகுள் டாக்ஸ்ல வேலை பண்ண முடியுமா அக்கா?

பதில்: முடியும், ஆனா நெட் இருக்கும்போதே ஆன் பண்ணி வெச்சிருக்கணும். குரோம் இல்லைன்னா எட்ஜ்ல, டிரைவ் செட்டிங்ஸ்ல ஆஃப்லைன்னு ஒரு டிக் இருக்கு. முக்கியமான ஃபைல தனியா ரைட் கிளிக் பண்ணி "அவைலபிள் ஆஃப்லைன்" குடுத்துடுங்க, எல்லாம் தானா வரும்னு நம்பாதீங்க. அப்புறம் இன்னைக்கே வைஃபைய ஆஃப் பண்ணிட்டு அந்த ஃபைல் தொறக்குதான்னு பாத்துடுங்க.