டைப் அடிக்க வந்தவர் மேடைக்கு வந்த கதை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மட்டமான பழைய படங்களை ஓடவிட்டு, முன்வரிசையில் ஒரு ஆளும் இரண்டு பொம்மை ரோபோக்களும் நிழலாக உட்கார்ந்து கலாய்க்கிற ஓர் அமெரிக்க நிகழ்ச்சியின் துண்டுகளைப் பார்த்தேன். அதில் வரும் மைக் நெல்சன் யார்? எழுத்தாளரா, நடிகரா?

பதில்: இரண்டும்தான், ஆனால் எழுத்து முதலில் வந்தது, நடிப்பு பின்னால் வந்தது. நிகழ்ச்சியின் பெயர் 'மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000'. 1988 நவம்பரில், நன்றி நவிலும் நாளன்று, மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில் கேடிஎம்ஏ என்ற சின்ன உள்ளூர் சேனலில் ஆரம்பித்தார்கள். உருவாக்கியவர் ஜோயல் ஹாட்ஜ்சன். கிறுக்கு விஞ்ஞானிகள் ஒரு ஆளை விண்வெளிக்கு அனுப்பி, மோசமான படங்களாகப் போட்டுக் கொல்கிறார்கள், அவன் துணைக்கு ரோபோக்களைச் செய்துகொண்டு தாக்குப்பிடிக்கிறான், அவ்வளவுதான் கதை. கையில் காசு இல்லாததால் ரோபோக்களையும் கிடைத்ததை வைத்தே செய்தார்கள். குரோ என்ற ரோபோவின் வாய், பௌலிங் விளையாட்டில் பந்தை உருட்டி வீழ்த்தும் பின் ஒன்றை இரண்டாகப் பிளந்து செய்தது, கண்கள் பிங்பாங் பந்துகள். இன்னொரு ரோபோவான டாம் சர்வோவின் தலை ஒரு மிட்டாய் இயந்திரத்தின் உருண்டை.

மறு வருடம் நிகழ்ச்சி நாடு முழுக்கத் தெரியும் கேபிள் சேனலுக்குப் போனது. அப்போதுதான் மைக் நெல்சன் உள்ளே வருகிறார். உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்துக்கொண்டே மேடையில் ஸ்டாண்ட் அப் செய்துகொண்டிருந்தவர். அவருக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? படம் பார்த்து, அறையில் மற்றவர்கள் சொல்லும் ஜோக்குகளை டைப் அடிப்பது. சீக்கிரமே தலைமை எழுத்தாளர் ஆகிவிட்டார். 1993 அக்டோபரில் ஜோயல் விலகியபோது கதாநாயகன் இடத்துக்கும் அவரே வந்தார். கதையில்கூட அவர் பாத்திரம் தற்காலிக வேலைக்கு வந்த ஆள்தான்.

கேள்வி: அந்தக் கவுன்ட்டர்கள் எல்லாம் அந்தந்த நேரத்தில் வாயில் வருவதுதானே? அதற்கு எழுத்தாளர் எதற்கு?

பதில்: இப்படித்தான் நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிற விஷயம். கேடிஎம்ஏவில் ஓடிய முதல் வருடத்தில் பெரும்பாலும் அப்படித்தான் செய்தார்கள். போட்டுப் பாருங்கள், நீண்ட மௌனங்கள் இருக்கும், ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கே விழுவார். கேபிளுக்குப் போனதும் ஒவ்வொரு வரியையும் எழுத ஆரம்பித்தார்கள். ஓர் அறையில் எல்லாரும் உட்கார்வார்கள், படத்தைக் கொஞ்சம் ஓட்டுவார்கள், நிறுத்துவார்கள், யாருக்கு என்ன தோன்றினாலும் சொல்லலாம், டைப் அடிப்பவர் அதைப் படத்தின் நேரத்தோடு சேர்த்துக் குறித்துக்கொள்வார், மறுபடி ஓட்டுவார்கள். அப்புறம் அந்தக் குவியலில் இருந்து பொறுக்குவது, வெட்டுவது, யார் குரலில் எது வரவேண்டும் என்று பிரிப்பது. ஒரு நிகழ்ச்சிக்குக் கடைசியில் நிற்பதே ஏறத்தாழ 700 கவுன்ட்டர் என்பார்கள். அப்படியென்றால் குப்பைக்குப் போனது எவ்வளவு இருக்கும்!

நேரம்தான் இதில் பெரிய தலைவலி. படத்தின் பாத்திரம் வசனம் பேசி முடித்து அடுத்தவர் வாய் திறப்பதற்குள் ஒரு விநாடியோ ஒன்றரை விநாடியோ கிடைக்கும். அதற்குள் வரியைச் சொல்லி முடிக்க வேண்டும், படத்தின் வசனத்தை மிதிக்கக் கூடாது, ஏனென்றால் கதை புரியாவிட்டால் அடுத்த ஜோக்குக்கு ஆதாரமே போய்விடும். ஒரு வார்த்தை அதிகமானாலும் தவறிவிடும். பிறகு பதிவு: கறுப்பு அட்டையில் வெட்டிய நாற்காலி வரிசை, எதிரே வெள்ளைத் திரை, நடிப்பவர்கள் மானிட்டரில் படத்தைப் பார்த்தபடி எழுதியதை அப்போதுதான் தோன்றியது போலச் சொல்ல வேண்டும். நீங்கள் அதை நம்பிவிட்டீர்கள் என்றால் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

டைப் அடிக்கிற இடத்தைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். அறையில் பிறந்த ஒவ்வொரு ஜோக்கும் மைக்கின் கை வழியாகத்தான் தாளுக்குப் போனது. எது காகிதத்தில் செத்துப்போகிறது, எது சொல்லச் சொல்ல ஏறுகிறது என்பதை அவர் அங்கேதான் படித்திருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: ஜோயலா, மைக்கா? யார் பெரியவர்?

பதில்: ரசிகர்கள் 1993-லிருந்து போடுகிற சண்டை இது. ஜோயல் தூக்கக் கலக்கமான கண்ணோடு, ரோபோக்களுக்கு அப்பா போல, மெதுவாகப் பேசுவார், விசித்திரமான சாதனங்களைக் கண்டுபிடித்துக்கொண்டே இருப்பார். மைக் குரல் மாற்றிப் பேசுவார், பியானோ வாசிப்பார், அவர் கவுன்ட்டர் இன்னும் சுருக்கென்று குத்தும், ரோபோக்கள் அவரை மதிக்கவே மாட்டார்கள். எனக்கு மைக்கைப் பிடிக்கக் காரணம், அவர் ஜோயலைப் போல நடிக்க முயலவே இல்லை. பிரபலமான ஒருவரின் நாற்காலியில் உட்கார்கிறவர்கள் முதலில் செய்கிற காரியம் அது. தவிர, ஜோயல் இருந்தபோதும் தலைமை எழுத்தாளர் மைக்தான், அதனால் எழுத்தின் ஓட்டம் அறுபடவில்லை.

கேள்வி: பாவம், யாரோ கஷ்டப்பட்டு எடுத்த படத்தைக் கேலி செய்து பிழைப்பது சரியா?

பதில்: நியாயமான கேள்வி. 'மானோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸின் எல் பாசோவில் உரம் விற்றுக்கொண்டிருந்த ஒருவர் 1966-இல் எடுத்தது. கையால் சாவி கொடுக்கும் கேமரா, ஒரு ஷாட் அரை நிமிடத்துக்கு மேல் ஓடாது. குரல்கள் பிறகு சேர்க்கப்பட்டவை. ஆரம்பத்தில் கார் போய்க்கொண்டே இருக்கும், போய்க்கொண்டே இருக்கும், எதுவுமே நடக்காது. 1993 ஜனவரியில் நிகழ்ச்சியில் வரும்வரை அந்தப் படத்தை யாரும் சீண்டவில்லை. அதற்கப்புறம் ரசிகர்கள் அதைத் தேடினார்கள், ஒருவர் மூலப் பிரதியையே கண்டெடுத்தார், படம் சீர்செய்யப்பட்டு மறுபடி வெளிவந்தது. அதில் வரும் டார்கோ என்ற தள்ளாடும் வேலைக்காரனை நிகழ்ச்சிக்காக நடித்துக் காட்டியதும் நம் மைக்தான். டார்கோவின் நடையையும் இழுத்து இழுத்துப் பேசும் பேச்சையும் அவர் அவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருக்கிறார். ஒரு படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, ஒவ்வொரு அசைவுக்கும் பதில் எழுதுகிறவர்களை அலட்சியக்காரர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. எடுத்தவர்கள் மனம் புண்பட்டிருந்தால் அந்த வலி உண்மைதான், அதையும் மறுக்க மாட்டேன்.

கேள்வி: விருது ஏதாவது உண்டா?

பதில்: 1993-இல் ஒளிபரப்புத் துறைக்கான பீபாடி விருது. எழுத்துக்காக எம்மி என்ற தொலைக்காட்சி விருதுக்குப் பரிந்துரை 1994-லும் 1995-லும் வந்தது, கிடைக்கவில்லை.

கேள்வி: நிகழ்ச்சி நின்ற பிறகு அவர் என்ன ஆனார்?

பதில்: நிகழ்ச்சி நின்றதே இரண்டு தடவை. 1996-இல் அதுவரை ஒளிபரப்பிய காமெடி சென்ட்ரல் என்ற கேபிள் சேனல் கைகழுவியது, ரசிகர்கள் விடவில்லை, 1997-இல் சைஃபை சேனல் எடுத்துக்கொண்டது, 1999-இல் அதுவும் முடித்துக்கொண்டது. ஒளிபரப்பை விட்டால் ரசிகர்களுக்கு இருந்த முக்கிய வழி வீடியோ கேசட் பரிமாற்றம்தான். 'டேப்புகளைச் சுற்றில் விடுங்கள்' என்று நிகழ்ச்சியின் முடிவில் இவர்களே எழுத்துப் போட்டார்கள்! படங்களின் உரிமை வேறு யாரிடமோ இருந்ததால் பல நிகழ்ச்சிகளை டிவிடியாக விற்கவும் முடியவில்லை.

மைக் கண்டுபிடித்த வழி எனக்கு இன்றும் வியப்பு. 2006-இல் 'ரிஃப்டிராக்ஸ்' ஆரம்பித்தார். பழைய சகாக்களான கெவின் மர்ஃபியும் பில் கார்பெட்டும் சேர்ந்துகொண்டார்கள். படத்தை விற்கவில்லை, தங்கள் குரலை மட்டும் விற்றார்கள். நீங்கள் டிவிடியைப் போட்டு, இவர்கள் ஒலியைச் சேர்த்து ஓட்டிக்கொள்ள வேண்டியது. உரிமைப் பிரச்சினையே இல்லை, அதனால் பெரிய ஸ்டுடியோக்களின் வெற்றிப்படங்களையும் தொட முடிந்தது. ரோபோ இல்லை, செட் இல்லை, எழுத்து மட்டும்தான் மிச்சம். 2009 முதல் மேடையில் நேரடியாகச் செய்து திரையரங்குகளுக்கு ஒளிபரப்பவும் ஆரம்பித்தார்கள். ஜோயல் தனியாக 2015-இல் ரசிகர்களிடம் பணம் திரட்டி, 48,000-க்கும் மேற்பட்டவர்கள் 57 லட்சம் டாலர் கொடுத்து, 2017-இல் நெட்ஃபிளிக்ஸில் பழைய நிகழ்ச்சியைப் புதிய நடிகர்களோடு கொண்டுவந்தார்.

கேள்வி: எனக்கும் இப்படி எழுத ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: உரிமை காலாவதியான பழைய படம் ஒன்றை எடுங்கள். பத்து நிமிடம் போதும். நிறுத்தி நிறுத்தி, நேரத்தைக் குறித்து எழுதுங்கள். பிறகு படத்தை ஓடவிட்டு சத்தமாகப் படியுங்கள், வசனத்தின் மேல் ஏறுகிற வரிகளை வெட்டுங்கள். பாதி போய்விடும், போகட்டும். முடிந்தால் நண்பர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், தனியாக எழுதினால் எல்லா ஜோக்கும் ஒரே குரலில் வரும். அப்புறம், இது யாருக்குப் புரியும் என்று பயந்து நல்ல வரியை விட்டுவிடாதீர்கள். புரியவேண்டியவர்களுக்குப் புரியும் என்பதுதான் ஜோயல் காலத்திலிருந்து அந்த அறையின் கொள்கை. மேடையையும் விடாதீர்கள். நிகழ்ச்சியில் எழுதி நடித்த மைக், ஃபிராங்க் கானிஃப், மேரி ஜோ பேல் எல்லாருமே ஸ்டாண்ட் அப் மேடையில் இருந்து வந்தவர்கள்.

கேள்வி: இதுவரை பார்த்ததே இல்லை. முதலில் எதைப் பார்க்க?

பதில்: 'ஸ்பேஸ் மியூட்டினி', 1997-இல் ஒளிபரப்பானது, மைக் காலத்து நிகழ்ச்சி. படத்தின் கதாநாயகன் தோன்றும்போதெல்லாம் மூன்று பேரும் முரட்டுத்தனமான புதுப் பெயர் ஒன்று வைத்துக்கொண்டே இருப்பார்கள், கடைசிவரை. பிடித்திருந்தால் ஜோயல் விடைபெறும் 'மிட்செல்'. மானோஸ் மூன்றாவதாக இருக்கட்டும், அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.