நூலக அறையைக் கொடுத்துவிட்டு டெப் வாங்கலாமா?

கேள்வி: அக்கா, நான் படுவான்கரைப் பக்கம் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். போன வருசம் நூலகப் பொறுப்பையும் தந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பழைய மாணவர்கள் 20 டெப் (கையடக்கக் கணினி) வாங்கித்தர முன்வந்திருக்கிறார்கள். அவற்றை வைக்க நூலக அறையைக் கேட்கிறார்கள். "எல்லாம் போனிலேயே இருக்கு, இனி யார் புத்தகம் எடுக்கப்போறது" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் என்ன சொல்வது?
- ஓர் ஆசிரியை, மட்டக்களப்பு

பதில்: தங்கச்சி, முதலில் ஒன்று, டெப் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்கேயோ குளிருக்குள் வேலை செய்துகொண்டு, படித்த பள்ளிக்கூடத்தை நினைத்துக் காசு சேர்க்கிறவர்கள் அவர்கள். டெப்பும் வரட்டும், அறையும் இருக்கட்டும் என்று பேசுங்கள்.

"எல்லாம் போனில் இருக்கு" என்றவரிடம் யாருடைய போனில் என்று கேளுங்கள். 2020இலும் 2021இலும் பாடசாலை பூட்டிக் கிடந்தபோது நாம் பார்த்தோம்தானே, வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு வயலுக்கோ மேசன் வேலைக்கோ போய்விடும், இரவு அவர் வந்த பிறகு மூன்று பிள்ளைகள் அதற்குள் தலையை விடுவார்கள், அந்த நேரம் பார்த்து டேட்டா முடிந்திருக்கும். அடுத்த வருசம், 2022 மார்ச் கடைசியில், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமலும் இருந்தோம். போன் பிள்ளைக்கு எப்போதும் இரவல்தான், அதுவும் ஆரோ பார்த்துக்கொண்டிருக்கிற இரவல். நூலகத்தில் எடுத்த புத்தகமும் இரவல்தான், ஆனால் அந்த ஒரு கிழமைக்கு அது அந்தப் பிள்ளையுடையது. தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கலாம், பிடிக்காவிட்டால் பாதியில் விடலாம், ஏன் விட்டாய் என்று கேட்க ஆள் இல்லை. பாடப்புத்தகத்தையும் ரியூசன் கொப்பியையும் தவிர வேறொன்றும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, தானே பார்த்துத் தெரிவு செய்கிற ஒரே இடம் உங்கள் அறைதான். எனக்கு இதுதான் பெரிய காரணம், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

ஆராய்ச்சி கேட்கிறவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள். ஸ்பெயின், இஸ்ரேல் ஆய்வாளர்கள் 2018இல் 54 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள், அவற்றில் பங்குபற்றியவர்கள் மட்டும் 1,70,000க்கு மேல். தகவல் சார்ந்த பகுதிகளைத் தாளில் வாசித்தவர்களே நன்றாக விளங்கிக்கொண்டார்கள், நேரம் மட்டுப்படுத்தினால் அந்த இடைவெளி இன்னும் கூடியது. கதை வாசிப்பில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் விசயமே போதும்.

ஆனால் தங்கச்சி, உங்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். அந்த அறை கிழமைக்கு எத்தனை நாள் திறந்திருக்கிறது? நான் படித்த பள்ளிக்கூடத்தில் நல்ல புத்தகங்கள் இருந்தன. எல்லாம் கண்ணாடி அலுமாரிக்குள், திறப்பு ஒஃபிசில், திறப்பு வைத்திருந்தவர் பெரும்பாலும் லீவில். ஐந்து வருசம் நான் புத்தகங்களின் முதுகில் இருந்த பெயர்களை மட்டும் வாசித்தேன், இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. அப்படி ஓர் அறையைக் காப்பாற்றச் சொல்லி ஒருவரிடமும் கேட்கமுடியாது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், நம் விபுலானந்த அடிகள் பிறந்த அதே 1892இல் பிறந்தவர், கணக்கு வாத்தியாராக இருந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர், 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதியே புத்தகம் பயன்படுத்தத்தான் என்பது. பூட்டி வைத்துப் பார்த்துப் பார்த்துச் சலித்துத்தான் அந்த மனிதர் அதை முதலாவதாக வைத்திருப்பார் என்று எனக்குப் படுகிறது.

அதனால் கூட்டத்துக்கு முன்னம் ஒரு மாதம் இருந்தால் இதைச் செய்யுங்கள். கறையான் அரித்ததையும் பழைய பாடத்திட்டத்துக் கைந்நூல்களையும் எடுத்துவிடுங்கள், கழிக்கிறதுக்கு அதிபரின் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நல்லதாக ஒரு 100 புத்தகத்தை அட்டை தெரிகிற மாதிரி வாங்கில் பரப்புங்கள். இடைவேளையில் ஒவ்வொரு நாளும் திறவுங்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரை மேசையில் இருத்தினால் நீங்கள் தேத்தண்ணி குடிக்கவும் நேரம் கிடைக்கும். யார் என்ன எடுத்தார் என்று இரவல் பதிவேட்டில் எழுதுங்கள். கிழிந்தால் தண்டம் வேண்டாம், கிழியட்டும். கூட்டத்தில் பேச்சை விட அந்தப் பதிவேடு பேசும்.

சரி, டெப்களை எங்கே வைப்பது? அதே அறையில் ஒரு மூலையில். கிவிக்ஸ் என்று ஓர் இலவசச் செயலி இருக்கிறது, தமிழ் விக்கிப்பீடியாவை ஒரு தடவை இறக்கிவிட்டால் டேட்டா இல்லாமலே வாசிக்கலாம். தமிழ் நூல்களை மின்னூலாக்கி இணையத்தில் போடுகிற, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் எவ்வளவோ இலவசமாகக் கிடக்கிறது. 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணையத்தளத்தில் ஈழத்துப் புத்தகங்களும் பழைய சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் அங்கே இருக்கிற பழைய தாள் ஒவ்வொன்றும் ஆரோ ஓர் அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்தது, அதை மறந்துவிட்டு "எல்லாம் இணையத்தில் இருக்கு" என்கிறோம். உங்கள் பக்கத்தில் கூத்துப் பழக்குகிற அண்ணாவிமாரின் கொப்பிகள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை மலர்கள், இவற்றில் எவ்வளவு இணையத்தில் இருக்கும்? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்தன. 2004 மார்கழியில் நம் கரையோரத்தில் கடல் கொண்டுபோன கொப்பிகளுக்குக் கணக்கே இல்லை. தாளும் வேண்டும், அதன் பிரதியும் வேண்டும், அதைப் படம் பிடிக்கிற கமரா இந்த 20 டெப்பிலும் இருக்கிறது. அப்புறம் டெப்புக்கும் நூலகத்துக்கும் என்ன சண்டை?

உங்கள் அலுமாரியின் அடித்தட்டில் பழைய பாடசாலை மலர்கள் நிச்சயம் கிடக்கும். காசு அனுப்புகிறவர்களில் ஒருவராவது பதினான்கு வயதில் அதில் ஒரு கட்டுரையோ கவிதையோ எழுதியிருப்பார். தேடி எடுத்து, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, அவர்களுடைய வட்ஸ்அப் குழுவுக்கு இன்றைக்கே போட்டுவிடுங்கள். கூட்டம் வரைக்கும் வைத்திருக்க வேண்டாம்.