குளிர்காலம் முழுக்க நின்ற மோட்டார் சைக்கிள்

கேள்வி: டொரொன்டோவில் நவம்பர் முதல் கொட்டகையில் நிறுத்தியிருந்த, கார்புரேட்டர் பொருத்திய என் பழைய மோட்டார் சைக்கிள் ஏப்ரலில் கிளம்ப மறுக்கிறது. ஸ்டார்ட்டர் சுழல்கிறது, எஞ்சின் பற்றவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் பேட்டரிதான் தீரும். 12 வோல்ட் ஈய அமில பேட்டரி ஓய்வில் 12.4 வோல்ட்டுக்கும் கீழே காட்டினால் முதலில் சார்ஜ் செய்யுங்கள். ஆனால் உங்கள் விவரிப்பைப் பார்த்தால் குற்றவாளி பெட்ரோல் என்றே தோன்றுகிறது: மாதக்கணக்கில் நின்ற பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடுவதோடு, எஞ்சும் பிசின், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் நுண்ணிய ஜெட்டுகளை, அதாவது பெட்ரோல் செல்லும் துளைகளை, அடைத்துவிடுகிறது. ஆகவே கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்திப் பழையதை வடித்து, டாங்கியிலும் புதிய பெட்ரோல் நிரப்பி, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக்கை இழுத்து முயலுங்கள். அப்போதும் பற்றாவிட்டால் ஜெட்டுகளைக் கழற்றிச் சுத்தம் செய்யவே வேண்டும். காற்று வடிகட்டிப் பெட்டியையும் திறந்து பாருங்கள். கொட்டகை எலிகளுக்கு அது விருப்பமான வீடு.